தமிழ் எழுத்தறிவும் வகுப்பறைக் கணிப்பொறியும்

கருவியின் துணைகொண்டு கற்பித்தல் நம் நாட்டுக்குப் புதுவதன்று. 1789-இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்டுரு பெல் என்பார், இந்நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுதலைக் கண்டு, தம் பள்ளியிலும் அதனைக் கைக்கொண்டார். பின்னர் அம்முறை இங்கிலாந்து சென்றது. மணலும் ஒரு கருவியே. ஆயினும், சிறுவன் எழுத்தை எழுதி ஒலிக்குங்கால் கேட்பார் ஒருவர் அருகிருந்தார். இன்று நாம் கேட்கும் தொழிலையே பொறியினிடம் ஒப்படைக்க முற்படுகின்றோம். அதனால் விளையும் நன்மையும் இடரும் யாவை என்பதனை எழுத்தறிவு ஒன்றனையே கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

திருவள்ளூர் மாவட்டத்தை நாம் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. தொடக்க வகுப்பினர்க்குரிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 சூன் 13-இல் இம்மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில் தொடங்கப்பெற்றது. மாணவரை அரும்பு, மொட்டு, மலர் என நிலை வகுத்தலும், அவர்தம் தேர்ச்சியைச் செயலியில் பதிதலும் அதன் கூறுகள். அன்றியும், இது மொழியெல்லை நிலம். திருத்தணி 1960-இல் ஆந்திரத்தினின்று தமிழ்நாட்டோடு இணைந்தது. பள்ளிப்பட்டு, கும்மிடிப்பூண்டிப் பகுதிகளில் தெலுங்கை வீட்டுமொழியாகக் கொண்டார் பலர். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின்படி அவர்தம் மக்களும் தமிழ் கற்கின்றனர். மாவட்டத்துச் செங்கற்சூளைகளுக்கு ஒடிசாவினின்று வரும் குடும்பங்களின் பிள்ளைகளோ சூளைக் காலம் முடிந்ததும் ஊர் திரும்புவர்.

நன்மை வெளிப்படை. ஓராசிரியரே பல வகுப்புகளை நோக்கவேண்டிய பள்ளியில், ஒரு சொல்லைப் பத்து முறையும் சலியாது ஒலித்துக் காட்டும் பொறி பெருந்துணையாம். பிறர் நகைப்பர் என்னும் அச்சமின்றிக் கூச்சமுடைய பிள்ளையும் வாய்திறக்கும். ஒடியாப் பிள்ளைக்கும் தமிழாசிரியர்க்கும் இடையே முதல் வாரத்தில் மொழிபெயர்ப்புக் கருவி செய்யும் உதவியை நம் இலக்கண நூல்கள் செய்யமாட்டா.

இனி, இடரை நோக்குவோம். ‘பால்’ என்னும் சொல்லைக் காட்ட, மூன்று பிள்ளைகள் ‘பாலு’ எனப் படிக்கின்றனர் என்க. தமிழ்ப்பிள்ளை எழுத்தை அறிந்தும் வீட்டில் வழங்கும் பேச்சு வடிவத்தைச் சொல்லிற்று. தெலுங்குப்பிள்ளைக்கோ ‘பாலு’ என்பது தன் மொழியில் பாலையே குறிக்கும் சொல், பொருளுணர்வு பழுதின்று, ஈற்று மெய்யை நிறுத்தி ஒலித்தலே அதற்குப் பயிற்சி வேண்டுவது. ஒடியாப்பிள்ளை எழுத்தை நோக்கவே இல்லை. படத்தைக் கண்டு, தோழர் சொல்லக் கேட்டதைச் சொல்லிற்று. மூவர்க்கும் வேண்டும் பாடம் வேறு வேறு. பொறியோ, ஒலி ஒன்றேயாதலின், மூவர்க்கும் ஒரே குறியை இடும். அது சரிக்குறியாயினும் தவற்றுக்குறியாயினும் விளைவு ஒன்றே. பிள்ளையின் வீட்டை அறிந்த ஆசிரியர் காணும் வேறுபாடு பதிவேட்டில் மறைந்துவிடும்.

பிறிதோர் இடர் தமிழறிஞர்க்கு வியப்பளிப்பது. ‘அம்மா’ என்பதில் எழுத்து மூன்று. ஒருங்குகுறியிலோ அ, ம, புள்ளி, ம, கால் என அது ஐந்து குறியீடாக நிற்கும். மெய்யோடு அகரம் கூடி ‘ம’ ஆயிற்று என்பது நம் இலக்கணம். ‘ம’வின்மேல் புள்ளி ஏறி மெய் ஆயிற்று என்பது கணிப்பொறியின் கணக்கு. மொழி மாதிரிகள் சொல்லை மேலும் துண்டுபடுத்தலின், எழுத்தெண்ணிக்கை வினவுங்கால் அவை தடுமாறுதல் உண்டு. எனினும் இக்குறை நிரலால் நீக்கத்தக்கது. முன்னையது அத்துணை எளிதன்று.

செயலியில் பதியும் வேலை கற்பிக்கும் நேரத்தைக் குறைக்கின்றது என ஆசிரியர் அமைப்புகள் முறையிட்டதும் உண்டு. அப்பதிவு பிழைக்குக் காரணம் காட்டுமாயின் அவ்வுழைப்பு ஓரளவேனும் பயன்படும் என்பது நம் கருத்து. இதற்குத் தமிழ்த்துறைகள் செய்யத்தக்க பணி ஒன்று உளது. திருத்தணி, பள்ளிப்பட்டு, கும்மிடிப்பூண்டிப் பள்ளிகளில், பெற்றோர் இசைவுடன், பெயர் குறியாது, முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒரே சொற்பட்டியலைப் படிக்கும் ஒலியைத் திரட்டல் வேண்டும்; ஒவ்வொரு பிழைக்கும் வகுப்பாசிரியர் கூறும் காரணத்தை அதனருகே எழுதுதல் வேண்டும். மெய்யீற்றுச் சொற்களினின்று தொடங்கலாம்.