‘கோ’ வினையின் இறந்தகாலம்: ஒரு சொற்பிறப்பு விளக்கம்

ஆங்கிலத்தில் செலவுப் பொருளை உணர்த்தும் ‘கோ’ என்னும் வினை இறந்தகாலத்தில் ‘வென்ட்’ என நிற்கும். இதனை ஒழுங்கற்ற வினை எனக் கொண்டு, தமிழில் வா என்பது வந்தான், வருகிறான் எனத் திரிவதோடு ஒப்பிடத் தோன்றும். அவ்வொப்புமை பொருந்தாது. வா, வரு, வந் ஆகியன ஓரடியின் திரிபுகள். ‘கோ’வும் ‘வென்ட்’டும் பிறப்பால் தொடர்பற்ற இரு வினைகளுக்குரியவை.

பொருள்நிலையில் ‘கோ’ தமிழின் ‘போ’வுக்கு அணுக்கமானது. உணவு கெட்டுப்போவதையும் அவ்வினையாலேயே உரைப்பர். ‘எழுதப் போகிறாள்’ என்பது போன்று எதிர்காலம் குறிக்கக் ‘கோயிங் டு’ வரும். சிக்கல் வடிவத்தில்தான் உள்ளது.

பழைய ஆங்கிலத்தில் இவ்வினை ‘கான்’ எனப்பட்டது. அதன் இறந்தகாலம் ‘ஏஒடெ’. இதுவும் ‘கான்’ அடியில் பிறந்ததன்று. உல்ஃபிலா 4ஆம் நூற்றாண்டில் விவிலியத்தை மொழிபெயர்த்த கோதிக் மொழியிலும், ‘கங்கன்’ என்னும் செலவு வினைக்கு ‘இத்யா’ என வேறடி வடிவமே இறந்தகாலமாக உள்ளது. எனவே ‘வென்ட்’ புகுந்து ஒழுங்கைக் குலைத்தது என்பது பிழை. இரவல் வடிவம் ஒன்று இருந்த இடத்தில் இன்னோர் இரவல் வடிவம் அமர்ந்தது, அவ்வளவே.

‘வென்ட்’டின் மூலம் ‘வெண்டன்’ என்னும் பழைய ஆங்கில வினை. சுற்றுதல், முறுக்குதல் பொருளுடைய ‘விண்டன்’ என்பதன் பிறவினை இது. திரும்பு, திருப்பு என்னும் தன்வினை பிறவினை இணை தமிழர்க்கு இவ்வுறவை எளிதில் விளக்கும். திருப்புதல், தன்னைத் திருப்பிக்கொள்ளுதல், ஒரு திசை நோக்கிச் செல்லுதல் எனப் பொருள் நகர்ந்தது. 15ஆம் நூற்றாண்டளவில் அதன் இறந்தகாலம் ‘கோ’வுக்கு உரியதாகிவிட, தாய்வினையாகிய ‘வெண்டு’ தனக்கென ‘வெண்டெட்’ என்னும் புதுவடிவைப் பெற்றது.

‘ஏஒடெ’யின் வழிவந்த ‘யேட்’ வழக்கொழிந்தமைக்குச் சுவையான சான்று ஸ்பென்சர். 1590இல் வெளிவந்த ‘ஃபேரி குயீன்’ காப்பியத்தில் பழமைச்சுவை நாடிய அவர், அவ்விறந்தகால வடிவையே வினைப்பகுதியாகக் கருதிக் கையாண்டார். அதன் இலக்கணத் தொடர்பு அந்நாளில் புலவர்க்கும் மறந்துபோயிருந்தது.

இவ்வாறு வேறடிகள் ஒரே வினையின் கால வடிவங்களாக இணைதலை ‘விகாரம்’ என்னாது, ‘வேற்றடி நிரப்பல்’ எனத் தனித்துச் சுட்டல் தகும் என்பது என் கருத்து. ஸ்காட்லாந்து வழக்கிலோ ‘கோ’வின் அடியே வழக்கமான இறந்தகால ஈறேற்றுக் ‘கேய்ட்’ என வரும்.