கொட்டகைக்கு நெட் ஒயர் இழுக்கும் முன்



கோத்தகிரி பக்கம் ஒரு குழு. நெட் இருப்பது உறுப்பினர் வீட்டில், கம்ப்யூட்டர் இருப்பதோ தோட்டத்துக் கொட்டகையில். சில்வர் ஓக் மரங்களில் கட்டி ஒயர் இழுத்தார்கள். ஐப்பசி இடியில் இரண்டு முனையும் கருகிப் போச்சு. போனது குழுவின் பொதுப்பணம். ஒயர் கட்டிய அன்று "நல்லா இருக்கு" என்று சொன்னதும் நாங்கள்தான்!

இடி பக்கத்தில் விழுந்தாலே போதும், செம்பு ஒயரில் மின்சாரம் ஏறிவிடும். அதனால் நம் மலைக்கு ஃபைபர் ஒயரே மேல். முடி போன்ற கண்ணாடி இழைக்குள் ஒளிதான் போகிறது, கரண்ட் இல்லை. ஊராட்சிகளுக்கு பாரத்நெட் வருவதும் இதில்தான். இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் என்ற சின்னப் பெட்டி வேண்டும். உள்ளே இரும்புக் கம்பி இல்லாத ரகமாகக் கேளுங்கள்.

செம்பு ஒயர்தான் என்றால் 100 மீட்டருக்குள் இருக்கணும். அலுமினியத்தில் செம்பு பூசியும் விற்கிறார்கள், ஏமாறாதீர்கள். கரண்ட் ஒயர் போகும் பைப்பில் சேர்த்துப் போடவே கூடாது, உயிருக்கு ஆபத்து. வானம் இருட்டும்போதே, இடி தொடங்கும் முன், இரு முனையும் கழற்றிடுங்க.

எந்த ஒயரானாலும் பைப்புக்குள் புதையுங்கள். காட்டுப்பன்றி கிளறும், எலி கடிக்கும், களை வெட்டும்போது நம் கொத்தே வெட்டிவிடும்.

சரிவில் தூரத்தைக் கண்ணால் சொல்ல முடியாது. ஒயர் போகும் வழியிலேயே கயிறு போட்டு அளந்து பாருங்கள். ஃபைபரை முனை பொருத்தியே வாங்கினால் ஒட்டும் கூலி மிச்சம். அந்த அளவையும் விலையையும் தீர்மான நோட்டில் எழுதிவிட்டுக் கடைக்குப் போங்க.