ஹிரோஷிமாவில் ஒரு நாள்

யப்பானுக்குச் செல்வோர் டோக்கியோவின் மாடமாளிகைகளையும் கியோட்டோவின் பழங்கோயில்களையும் கண்டு மனமகிழ்ந்து திரும்புவர். ஹிரோஷிமாவுக்குச் செல்வோருக்கோ உள்ளத்தே ஒரு தயக்கம் இருந்துகொண்டேயிருக்கும். இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்ட மண்ணிலே வேடிக்கை பார்க்கலாமா? அங்கே கடைக்குக் கடை நின்று சுவைத்துண்ணலாமா? ஒக்டோபர் மாதத்துக் காலையொன்றில் அந்நகரப் புகையிரத நிலையத்தில் இறங்கியபோது என்னிடமிருந்த வினாவும் இதுவே. மாலைக்குள் அதற்கு ஒருவாறு விடை கிடைத்தது.

ஓடும் சாட்சிகள்

நிலையத்திலிருந்தே ட்ராம் வண்டிகள் புறப்படுகின்றன. கொழும்பிலே ட்ராம் ஓடிய காலத்தை முதியோர் சொல்லக் கேட்டவர்களுக்கு அவ்வண்டியின் மணியோசையே ஓர் இன்பம். ஆனால், ஹிரோஷிமாவின் ட்ராமுக்கு வேறொரு பெருமையும் உண்டு. 1945 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 ஆம் நாள் காலை 8.15 மணிக்கு அணுக்குண்டு வெடித்தது. மூன்றே நாள்களில், ஆகஸ்ட் 9 ஆம் நாள், நகரின் மேற்குப் பகுதியில் சிறிது தூரத்துக்கு ட்ராம் மீண்டும் ஓடிற்று. ஆண்கள் போர்முனைக்குச் சென்றுவிட்டமையால், கம்பனி நடத்திய பாடசாலையிற் பயின்ற இளம் பெண்களே அந்நாளில் வண்டிகளைச் செலுத்தினர். குண்டுக்கு இரையாகிப் பின் செப்பனிடப்பெற்ற வண்டிகளுட் சில இன்றும் தண்டவாளத்தில் ஓடுகின்றன.

ஓட்டா ஆறு பல கிளைகளாகப் பிரிந்து கடலை நாடும் கழிமுகத்திலே அமைந்தது இந்நகரம். பாலத்துக்குப் பாலம் நீர் தெரியும். ஆங்கில 'ரீ' எழுத்தின் வடிவிலமைந்த அயோயிப் பாலத்தையே விமானத்திலிருந்தோர் இலக்காகக் கொண்டனர். அதனருகே இறங்கினால், எலும்புக்கூடாய் நிற்கும் குவிமாடம் கண்ணிற்படும்.

குவிமாடத்தின் முன்கதை

செக் நாட்டுக் கட்டிடக் கலைஞரான யான் லெட்செல் வரைந்த திட்டப்படி 1915 இல் எழுந்த இக்கட்டிடம், மாகாணத்தின் கைத்தொழிற் பொருள்களைக் காட்சிக்கு வைக்கும் மண்டபமாக விளங்கியது. 1919 இல் முதலாம் உலகப் போரின் செர்மானியக் கைதிகள் இங்கே ஒரு கண்காட்சி நடத்தினர். அவர்களுள் ஒருவரான கார்ல் யூஹைம் என்னும் பலகாரம் செய்பவர், மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல அடுக்கடுக்காய் வெந்த 'பௌம்கூகன்' என்னும் கேக்கைச் செய்து விற்றார். இன்று யப்பானெங்கும் விரும்பி உண்ணப்படும் அவ்வினிப்பு, அந்நாட்டு மக்களுக்கு முதன்முதல் அறிமுகமானது இம்மண்டபத்திலேதான். சிறைப்பட்ட பகைவனின் கைப்பண்டத்தை ஊரார் வாங்கி உண்ட அதே இடத்துக்குச் சற்றே தள்ளி, ஏறத்தாழ 600 மீற்றர் உயரத்திலே, இருபத்தாறு ஆண்டுகளின் பின் குண்டு வெடித்தது. வெடிப்பு ஏறக்குறைய நேர் மேலே நிகழ்ந்தமையால், சுவர்களிற் சில சாயாது நின்றன. அவ்வாண்டு முடிவதற்குள் மாண்டோர் ஏறத்தாழ 140,000 பேர் என மதிப்பிடப்பட்டுள்ளது.

ஆற்றைக் கடந்தால் அமைதிப் பூங்கா. கென்சோ தாங்கே என்னும் கட்டிடக் கலைஞர் வகுத்தது. அங்குள்ள நினைவுக் கல்லின் வாசகம், மொழி பயில்வோர் நின்று எண்ண வேண்டியது. மாண்டோரை அமைதியாய் உறங்குமாறு வேண்டி, இத்தவறு மீண்டும் செய்யப்படாதென உறுதி கூறுவது அதன் கருத்து. ஆனால், தவறு செய்தவர் யார்? யப்பானிய மூலத்தில் எழுவாய் இல்லை. தமிழிலும் எழுவாய் தோன்றாது நிற்பதுண்டு. எனினும், நம் வினைமுற்றின் விகுதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். 'செய்யோம்' என்றால் நாம். 'செய்யார்' என்றால் அவர். யப்பானிய வினைக்கு அவ்விகுதி இல்லை. டோக்கியோப் போர்க்குற்ற விசாரணையில் அமர்ந்த வங்காள நீதிபதி இராதாவினோத் பால், 1952 இல் இங்கு வந்தபோது இது பற்றியே வினவினார்: குண்டைப் போட்டவர் யப்பானியர் அல்லரே! பிற்காலத்தில் நகராட்சி, இங்கே எழுவாய் மனித குலம் முழுவதுமே என விளக்கம் கூறியது. அவ்விளக்கத்தை ஏற்பதாயின், இதைத் தமிழிற் பெயர்ப்பவர் 'செய்யோம்' என்றே எழுதல் வேண்டும்.

மனித குலம் என்று சொல்வது எளிது. இங்கு மாண்டோருள் கொரியர் பல்லாயிரவர். அவர்களுக்கு 1970 இல் எழுப்பப்பட்ட நினைவுத் தூண் பூங்காவுக்கு வெளியேதான் நின்றது. அது உள்ளே இடம்பெற்றது 1999 இலேதான்.

திறவாத உணவுப் பெட்டி

அரும்பொருட்சாலையில் நான் நெடுநேரம் நின்ற இடம் ஒன்றே. கண்ணாடிப் பேழைக்குள் ஒரு சிறுவனின் உணவுப் பெட்டி. தீ பரவாதிருக்க வீடுகளை இடித்து வெளியாக்கும் பணிக்கு அன்று மாணவர்கள் அழைக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் ஒருவன் அவன். அவனுடைய உடலைத் தேடிக் கண்டெடுத்த தாய், அதன் கீழே இப்பெட்டியையும் கண்டாள். அவள் விடியலில் ஆக்கிக் கொடுத்த சோறு, பெட்டியோடு கரியாய்க் கிடக்கிறது. எண்ணிக்கைகள் சொல்லாததை அந்தக் கரிச்சோறு சொல்லியது. வெளியே வந்தபோது நண்பகல். பசி எடுத்தது. அப்பசிக்காக நான் வெட்கப்பட்டேன்.

இரும்புக் கல்லின் முன்னே

நகரின் நடுவே, ஒரே கட்டிடத்தின் மாடிகளில் இருபதுக்கு மேற்பட்ட சிறு கடைகள் நெருங்கியிருக்கின்றன. எல்லாவற்றிலும் பண்டம் ஒன்றுதான்: ஒக்கொனொமியாக்கி. 'ஒக்கொனொமி' என்றால் விருப்பம். 'யாக்கி' என்றால் சுட்டது. நீண்ட இரும்புக் கல்லின் ஒருபுறம் கடைக்காரி, மறுபுறம் உண்போர்.

கரைத்த கோதுமை மாவைத் தோசை போல மெல்லியதாய் வார்க்கிறார்கள். அதன்மேல் நறுக்கிய கோவாவை மலையாய்க் குவிக்கிறார்கள். முளைவிட்ட பயறும் பன்றியிறைச்சித் துண்டுகளும் ஏறுகின்றன. இரண்டு தட்டகப்பைகளாலே முழுவதையும் ஒரே வீச்சிற் புரட்டுகிறார்கள். கோவா தன் நீராவியிலேயே வெந்து அடங்குகிறது. பக்கத்தில் வறுபடும் நூடில்ஸ் மேல் அதனைத் தூக்கி வைத்து, உடைத்துப் பரப்பிய முட்டையின்மேல் அமர்த்தி, மீண்டும் புரட்டி, இனிப்பும் புளிப்புமான கரிய சோஸைப் பூசுகிறார்கள். கல்லில் இரும்பு மோதும் ஓசை, நம்மூர்க் கொத்துரொட்டிக் கடையை நினைவூட்டியது. கல்லிலிருந்தே வெட்டி வெட்டி உண்பதுதான் இங்குள்ள வழக்கம்.

இதன் பிறப்பு வறுமையிலே. போருக்கு முன்னர், மாவைக் கரைத்து வார்த்துச் சிறிது வெங்காயத்தாளைத் தூவிச் சிறுவர்க்கு ஒரு சென் காசுக்கு விற்றனர். போருக்குப் பின் அரிசி இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை மா இருந்தது. எரிந்த நகரிலே இரும்புத் தகடு கிடைத்தது. மலிவான கோவா வயிற்றை நிரப்பியது. குழந்தைகளின் தின்பண்டம் பெரியோரின் உணவாயிற்று. கணவனை இழந்த பெண்கள் பலர் வீட்டு முன்புறத்திலேயே கடை வைத்துப் பிள்ளைகளை வளர்த்தனர். கடைகளின் பெயர்களிலே 'சான்' என்னும் செல்ல விகுதி மிகுந்திருப்பதற்கு ஒரு காரணம் கூறுவர்: போரினாலே சிதறிய உறவினர், பெயரைப் பார்த்தேனும் தேடி வரட்டும் என்று அப்பெண்கள் தம் செல்லப் பெயரையே பலகையில் எழுதினராம்.

குண்டை அனுப்பிய நாடே மாவையும் அனுப்பியது. மக்கள் அந்த மாவைக் கரைத்துத் தமக்கென ஓர் உணவை ஆக்கிக்கொண்டனர். இலங்கையருக்கும் இதில் நினைக்க ஒன்றுண்டு. 1942 ஏப்ரிலில் யப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசின. ஆயினும், 1951 இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டிலே, ஜே. ஆர். ஜயவர்த்தனா புத்தர் பெருமானின் போதனையை எடுத்துக்காட்டி, இலங்கை நட்டஈடு கோராது என அறிவித்தார்.

என் பங்கு கல்லின்மேல் ஆவியெழக் கிடந்தது. நான் தொடாதிருப்பதைக் கண்ட கடைக்காரி, சூடாயிருக்கும்போதே உண்ணும்படி சைகையாற் சொன்னாள். உண்டேன். மிக நன்றாயிருந்தது.

கடலில் நிற்கும் வாயில்

பிற்பகலில் ட்ராமிலேறிக் கடற்கரைக்கும், அங்கிருந்து பத்து நிமிடப் படகுப் பயணத்தில் மியாஜிமாத் தீவுக்கும் சென்றேன். நீரின்மேற் கட்டிய இட்சுக்குஷிமா ஆலயத்தின் முன்னே, கடலுக்குள் நிற்கிறது செந்நிறத் தோரண வாயில். 1875 இல் எழுந்தது. 16 மீற்றருக்கு மேற்பட்ட உயரமுள்ளது. அடியைக் கடலடி மண்ணிற் புதைக்காமல், தன் பாரத்தாலேயே நிற்கிறது. குவிமாடமும் இவ்வாலயமும் 1996 இல், ஒரே ஆண்டிலே, உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன.

கடைத்தெருவிலே கரியடுப்பில் ஓட்டோடு சுட்ட சிப்பிகள் வாய் திறக்கின்றன. மேப்பிள் இலை வடிவிலே 'மொமிஜி மஞ்சு' என்னும் சிற்றப்பம் சுடுகிறார்கள். உள்ளே இனிப்பிட்டு மசித்த சிவப்புப் பயறு. நம் மோதகத்து உள்ளுடனுக்கு நெருங்கிய உறவு என்றே சொல்லலாம். கையிலிருந்த பொட்டலத்தை மோப்பம் பிடித்து வந்த மான் ஒன்று, காகிதத்தைக் கடித்துக்கொண்டு போயிற்று.

இருள் கவியும் வேளையில் நகருக்குத் திரும்பும் ட்ராமிலே, பாடசாலை விட்டு வந்த சிறுவன் ஒருவன் என்னருகே அமர்ந்து தூங்கி விழுந்தான். வண்டி வளைவிலே திரும்புந்தோறும் அவன் பையினுள் ஏதோ கடகடத்தது. உண்டு முடித்த வெறும் உணவுப் பெட்டி. காலையில் நான் கொண்டுவந்த வினாவை அவ்வோசை கேட்டதும் கைவிட்டேன். இந்நகரத்து மக்கள் மாண்டோரை மறந்து உண்ணவில்லை. பிள்ளைகளின் பெட்டி நாள்தோறும் வெறுமையாய் வீடு திரும்பவேண்டும் என்றுதான் அவர்கள் அடுப்பை மீண்டும் மூட்டினார்கள்.