ஒரு முகவரி, பல கணினிகள்

பல கணினிகள் ஒரே இணைய இணைப்பைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் முறை இணைப்புப் பகிர்வு எனப்படும். அஃது இருவகைத்து: கம்பியின் கொள்திறனைப் பங்கிடுதல் ஒன்று; முகவரியைப் பங்கிடுதல் மற்றொன்று. முன்னது எளிது. இணையவழிச் செய்தி யாவும் சிறுசிறு பொதிகளாகப் பகுக்கப்பட்டே செல்வதால், நாற்பது கணினிகளின் பொதிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஒளியிழையில் ஏறிச் செல்லத் தடையேதும் இல்லை. நெரிசல் மிகுந்தால் விரைவு குறையும், அவ்வளவே. பின்னதே ஆய்தற்குரியது. இணைப்பு வழங்குவோர் ஓர் அலுவலகத்திற்குத் தருவது பெரும்பாலும் ஒரே முகவரி. வெளியிலிருந்து திரும்பும் பொதிகள் அனைத்தும் அம்முகவரிக்கே வருகின்றன. அவற்றுள் எது எக்கணினிக்கு உரியது என்று பிரித்தறியும் வழி யாது?

முகவரி ஏன் ஒன்றே என்பதற்கு விடை எண்கணக்கில் உள்ளது. 1981இல் வரையறுக்கப்பட்ட நான்காம் பதிப்பு நெறிமுறையில் முகவரி என்பது 32 இருமிகள் கொண்ட ஓர் எண். ஆகவே அமையக்கூடிய முகவரிகள் 429,49,67,296 மட்டுமே. இவை ஒருநாள் தீரும் என்பதை முன்னுணர்ந்த கெல்ட் எகெவாங், பால் பிரான்சிசு என்னும் இருவர், 1994இல் முகவரிப் பெயர்ப்பு என்னும் முறையை முன்வைத்தனர். அலுவலகத்தின் உள்ளே வழங்கும் முகவரி வேறு, வெளியே தோன்றும் முகவரி வேறு என்பதே அதன் அடிப்படை. 1996இல் வகுத்த நெறிப்படி உள்வழக்கிற்கென மூன்று தொகுதிகள் ஒதுக்கப்பட்டுள்ளன, அவற்றுள் 192.168 எனத் தொடங்குவது நம் அலுவலகங்களில் நன்கு அறிமுகமானது. இத்தொகுதிகளின் எண்களை எவரும் யாரையும் கேளாமல் ஆளலாம்; ஆயின், அவை இணையத்தின் பொதுவழியிற் செல்லா.

முகவரியோடு துறையெண்ணையும் உடன்பெயர்க்கும் முறையே அலுவலகங்களில் நிலைபெற்றது. துறையெண் என்பது ஒரு கணினியில் இயங்கும் பல உரையாடல்களைப் பிரித்துக் காட்டும் 16 இருமி எண். 192.168.1.23 என்னும் உள்முகவரியுடைய கணினி, 51,000ஆம் துறையிலிருந்து 198.51.100.7 என்னும் வழங்கியின் 443ஆம் துறைக்கு ஒரு பொதியை விடுப்பதாகக் கொள்வோம். வாயிலில் நிற்கும் வழிச்செலுத்தி, விடுத்தோர் முகவரியை நீக்கி அலுவலகத்தின் பொதுமுகவரியாகிய 203.0.113.5 என்பதை எழுதுகிறது. துறையெண்ணை 62,014 என மாற்றுகிறது. இம்மாற்றத்தைத் தன் நினைவகத்தில் ஒரு வரியாகப் பதிகிறது. இப்பதிவைப் பெயர்ப்பேடு என்போம். (இங்குக் காட்டிய வெளிமுகவரிகள் இரண்டும் எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டவை, எவரையும் சென்று தொடா.) 62,014ஐத் தாங்கி விடைப்பொதி வந்ததும், பெயர்ப்பேட்டைப் பார்த்து, பழைய எண்களை மீண்டும் எழுதி உள்ளே விடுக்கிறது. அரசு அலுவலகக் கடிதத்தின் தலையில் இடும் ந.க. எண்ணைப் பார்வையிற் குறித்து விடையெழுதுவோர், கோப்பு எந்த எழுத்தரிடம் உள்ளது என்று அறியாமலே அவரைச் சென்றடைவது போன்றதே இது. பொதி தாங்கிவரும் பிழையறி கூட்டெண்ணின் கணக்கில் முகவரிகளும் அடங்குவதால், ஒவ்வொரு பெயர்ப்பிலும் அதனையும் திருத்தியாக வேண்டும். ஒரு பொதிக்கும் விலக்கில்லாமல் இவ்வளவும் நடந்தேறுகின்றன.

துறையெண்கள் 65,536 மட்டுமே ஆதலால் பெயர்ப்பேடும் அவ்வளவில் நிறைந்துவிடும் என எண்ணத் தோன்றும். அது முற்றும் மெய்யன்று. சேருமிடம் வேறாயின் ஒரே துறையெண்ணை இரு வரிகளில் ஆளலாம். விடுத்தோர், பெறுவோர் இருவரின் முகவரியும் துறையெண்ணும் ஆகிய நான்கு எண்களும் கூடியே ஓர் உரையாடலை அடையாளம் காட்டுகின்றன. உண்மையான வரம்பு கருவியின் நினைவகமே. எனவே, பேச்சற்றுக் கிடக்கும் வரிகளை அது அழித்தாக வேண்டும். நிலைத்த இணைப்புக்குரிய வரியை 2 மணிநேரம் 4 மணித்துளிக்கு முன் அழித்தல் கூடாது என்பது வகுக்கப்பட்ட நெறி. மறுமுனை இருக்கிறதா என்று கணினிகள் 2 மணிநேரத்திற்கு ஒருமுறை உசாவும் வழக்கத்தை ஒட்டி எழுந்த கணக்கு இது. மலிவான கருவிகள் பல இதனைப் பேணுவதில்லை. உணவு இடைவேளைக்குப் பின் திரும்பியவர் தம் இணைப்பு அறுந்திருக்கக் காண்பது பலகால் இதனால்தான்.

உள்ளிருந்து தொடங்கும் உரையாடலுக்கே பெயர்ப்பேட்டில் வரி உண்டாகும். வெளியார் தாமாக விடுக்கும் பொதிக்கு வரியில்லை, அது கைவிடப்படும். இதனைச் சிலர் காவல் என்று போற்றுவர். யான் அதனை உடன்விளைவு என்றே கொள்வேன். நுழைவைத் தடுக்கும் முறைகளை வகுத்துக் காப்பது தீச்சுவரின் பணி. அலுவலகத்தினுள்ளே ஒரு வழங்கியை நிறுத்தி வெளியார்க்குத் திறக்க வேண்டுவோர், ஒரு துறையெண்ணை அதற்கென நிலையாகப் பெயர்ப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும்.

அவ்வாறு நிலையாக எழுதிய வரியும் சிலபோது பயன்தராது; முகவரிகள் தீர்ந்துவந்ததே காரணம். 2011 பிப்ரவரி 3ஆம் நாள், உலகப் பொதுக்களஞ்சியத்தில் எஞ்சியிருந்த நான்காம் பதிப்பு முகவரிகளின் கடைசி ஐந்து பெருந்தொகுதிகளும் வட்டாரப் பதிவகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. அடுத்த ஆண்டில், இணைப்பு வழங்குவோரே தம் வலையினுள் பெயர்ப்புச் செய்துகொள்வதற்கென 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கும் தொகுதி ஒதுக்கப்பட்டது. வழிச்செலுத்தியின் வெளிமுகவரி இவ்வெல்லைக்குள் இருக்கக் கண்டால், அலுவலகத்தின் பொதிகள் இருமுறை பெயர்க்கப்படுகின்றன என்று அறியலாம். அங்கே இரண்டாம் பெயர்ப்பேடு வழங்குவோர் கையில் இருப்பதால், நாம் எழுதிய நிலைவரிக்கு வெளியிலிருந்து ஒரு பொதியும் வந்து சேராது; தனியொரு பொதுமுகவரியை விலைகொடுத்துக் கேட்டுப் பெறவேண்டும், அல்லது 128 இருமி முகவரிகளையுடைய ஆறாம் பதிப்புக்கு மாறவேண்டும்.