வெள்ளரிப் பாத்தியில் ஒரு பிணம்

துப்பறியும் கதைகளில் வரும் விஷங்களை நான் நம்புவதில்லை. பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். ஒரு சொட்டு, ஒரு விக்கல், ஆள் காலி என்று எழுதியிருந்தால் புத்தகத்தை மூடிவிடுவேன். கனடாக்காரர் ஆலன் பிராட்லியின் முதல் நாவலான 'தி ஸ்வீட்னஸ் அட் த பாட்டம் ஆஃப் த பை' (2009) புத்தகத்தையும் அந்தச் சந்தேகத்தோடுதான் எடுத்தேன். கொலையைத் துப்பறிகிறவளுக்கு வயது 11 என்றால் வேறென்ன தோன்றும்?

1950, கோடைக்காலம். இங்கிலாந்தில் பிஷப்ஸ் லேசி என்ற கற்பனைக் கிராமம். அங்கே பழைய மாளிகை ஒன்று. அதில் வசிக்கும் அந்தச் சிறுமி, ஃபிளேவியா டி லூஸின் அம்மா திபெத் மலைகளில் விபத்தில் இறந்துவிட்டாள். அப்பாவுக்குத் தபால்தலைகளே உலகம். மூத்த அக்காளுக்குப் பியானோவும் கண்ணாடியும், அடுத்தவளுக்குப் புத்தகம். கடைக்குட்டிக்குக் கிடைத்தது, முன்னோர் ஒருவர் மாடியில் விட்டுப்போன முழு ஆய்வுக்கூடம்.

அங்கே அவள் செய்யும் முதல் காரியம் அக்காளைப் பழிவாங்குவது. பாய்சன் ஐவி என்ற கொடியின் சாரத்தை எடுத்து உதட்டுச்சாயத்தில் கலக்கிறாள். அதிலுள்ள உருஷியால் தோலைக் கொப்பளிக்க வைக்கும். நம்மூர் சேங்கொட்டையும் முந்திரியும் அதே தாவரக் குடும்பம்தான். முந்திரிக்கொட்டை உடைப்பவர்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். இந்த இடத்தில்தான் ஆசிரியருக்கு முதல் மதிப்பெண் போட்டேன்.

பிறகு ஒருநாள் சமையலறை வாசலில் செத்த உள்ளான் குருவி ஒன்று கிடக்கிறது. அதன் அலகில் குத்தியிருப்பது பென்னி பிளாக், 1840இல் பிரிட்டன் வெளியிட்ட உலகின் முதல் ஒட்டும் தபால்தலை. தாளுக்கு 240 தலைகள். அன்றைய ஒரு பவுண்டுக்கு 240 பென்னி என்பதால் கணக்கு சரியாக வரும். கருப்புத் தலைமேல் சிவப்பு மையில் முத்திரை குத்தினார்கள். சனங்கள் அந்தச் சிவப்பைக் கழுவிவிட்டுத் திரும்ப ஒட்ட ஆரம்பித்ததும், 1841இல் தலையைச் சிவப்பாக்கி முத்திரையைக் கருப்பாக்கினார்கள். மையும் கரைப்பானும் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

மறுநாள் விடியலில், வெள்ளரிப் பாத்தியில் ஒரு அந்நியன் அவள் கண்முன்னே கடைசி மூச்சை விடுகிறான். ஃபிளேவியா பயப்படவில்லை; அந்த மூச்சில் வந்த வாசனையை மனத்தில் குறித்துக்கொள்கிறாள். எந்த வாசனை என்று நான் சொல்லப்போவதில்லை. போலீஸ் வருகிறது. பிணத்தைக் கண்டுபிடித்தவளிடம் இன்ஸ்பெக்டர் ஹியூவிட் கேட்பது, டீ கிடைக்குமா என்று! அவளுக்கு வந்த கோபம் எனக்கும் வந்தது. ஆனால் அந்த அலட்சியம்தான் அவளுடைய மூலதனம். நூலகம், தங்கும் விடுதி என்று சைக்கிளில் போய் எங்கே மூக்கை நுழைத்தாலும், சின்னப் பெண்தானே என்று ஊர் விட்டுவிடுகிறது. அப்பாவைக் கைது செய்த பிறகு அது விளையாட்டாகவும் இல்லை.

குறையும் உண்டு. சிறைக்குள் அப்பா தன் பள்ளிக்காலக் கதையைச் சொல்லும் பகுதி நீண்டுகொண்டே போகிறது. குழந்தைகளிடம் வாய் திறக்காத மனிதர் இப்படி அத்தியாயக் கணக்கில் பேசுவாரா?

பிராட்லி சஸ்காச்சுவன் பல்கலைக்கழகத்தில் தொலைக்காட்சிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேறொரு நாவலை எழுதிக்கொண்டிருந்தபோது, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் ஒரு சிறுமி நடுவில் புகுந்து நகர மறுத்தாளாம். வெளிவராத நாவல்களுக்குப் பிரிட்டனில் அப்போது தந்த 'டெபியூ டாகர்' பரிசைப் பற்றி வானொலியில் கேட்ட மனைவி அவரை விரட்ட, தொடக்கப் பக்கங்களை மட்டும் அனுப்பினார். 2007இல் பரிசு கிடைத்தது. மீதி நாவலை அதற்குப் பிறகுதான் எழுதினார். புத்தகம் வந்தபோது வயது 70. இங்கிலாந்து மண்ணை அவர் முதன்முதலில் மிதித்ததே அந்தப் பரிசை வாங்கப் போனபோதுதான்.