உங்களுக்குத் தெரியுமா? கம்பளியா, செயற்கை இழையா?

ஆட்டுக் கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீத ஈரத்தைக் காற்றிலிருந்து இழுத்துக்கொண்டாலும் கைக்கு ஈரம் தெரியாது. தரைவிரிப்புகளில் பரவலாகப் பயன்படும் பாலிபுரோப்பிலீன் இழை தண்ணீரை ஏற்பதே இல்லை. சட்டெனக் காயும், கறையும் எளிதில் ஏறாது. சாப்பாட்டு மேசைக்கடியில் அதுவே நல்லது. எண்ணெய்ப் பிசுக்குதான் அதற்கு எதிரி. சுமார் 165 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால் விளக்கும் ஊதுவத்தியும் ஏற்றும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

வாங்கியது அசல் கம்பளிதானா? ஓரத்து நூல் ஒன்றை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். கம்பளி, முடி கருகும் வாடையோடு எரிந்து நொறுங்கும் கரியாகும். பாலிபுரோப்பிலீன், நைலான், பாலியஸ்டர் மூன்றும் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாகிவிடும். குழந்தைகள் அருகில் இல்லாதபோது, உலோகத் தட்டின் மேல் வைத்து இதைச் செய்யுங்கள்.