கோல் அடிப்பவளா, கூடி உழைப்பவளா?

மாவட்டப் போட்டிக்கு அணியைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்துவிட்டால், ஹாக்கி விளையாடும் பள்ளிகளில் ஒரு வாக்குவாதம் எழுவது வழக்கம். பட்டியலில் ஓர் இடம் மீதி இருக்கும். அதற்கு இருவர் தகுதியுடன் நிற்பர். ஒருத்தி, பந்து மட்டைக்கு வந்தால் கோல் அடித்துவிடுவாள். ஆனால் பந்து எதிரணியிடம் போய்விட்டால் இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவாள். மற்றொருத்தி அதிகமாகக் கோல் அடித்ததில்லை; ஆனால் ஆட்டம் முடியும்வரை ஓடுவாள், பந்தைப் பறிப்பாள், தோழியருக்குக் கொடுப்பாள், பின்னால் வந்து தடுப்பாள். இவர்களில் யாரைச் சேர்ப்பது?

"கோல் இல்லாமல் வெற்றி ஏது?" என்பர் சிலர். "பத்துப் பேர் உழைக்க ஒருத்தி மட்டும் பெயர் வாங்குவதா?" என்பர் வேறு சிலர். இரண்டிலும் நியாயம் உண்டு. விடை காண்பதற்கு முன், ஆட்டத்தின் விதிகள் சிலவற்றையும் நம் நாட்டு மகளிர் அணி பெற்ற அனுபவத்தையும் பார்ப்போம்.

ஹாக்கியில் ஓர் அணிக்குக் களத்தில் பதினொருவர். மாற்று ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே அனுப்பலாம், வெளியே அழைக்கலாம். அப்படியானால் கோல் அடிக்க மட்டும் ஒருத்தியை வைத்துக்கொண்டு, வேண்டும்போது அனுப்பினால் போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது. அதிகமான கோல்கள் பிறக்கும் இடங்களுள் ஒன்று பெனால்டி கார்னர். அது அறிவிக்கப்பட்டது முதல் முடியும்வரை, கோல் காவலர் காயமுற்றாலொழிய, ஆள் மாற்ற விதி இடம் தருவதில்லை. ஆகவே கார்னர் அடிப்பதில் வல்லவள் அந்த நேரத்தில் களத்தில் இருந்தால்தான் பயன் உண்டு. களத்தில் இருக்க வேண்டுமானால், மற்ற நேரங்களில் அணிக்குப் பாரமாக இல்லாமல் ஆடத் தெரிந்திருக்க வேண்டும்.

பெனால்டி கார்னரின்போது தடுக்கும் அணியில் கோல் காவலரோடு சேர்த்து ஐவர் மட்டுமே கோல் கோட்டின் பின்னால் நிற்கலாம்; ஏனையோர் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். முதல் அடியைப் பலமாக அடித்தால், பந்து 460 மில்லிமீட்டருக்கு மேல் உயராமல் கோலுக்குள் செல்ல வேண்டும். பந்தை மட்டையால் இழுத்து வீசும் "டிராக் ஃபிளிக்" முறைக்கு இந்த உயரக் கட்டுப்பாடு இல்லை. அதனால்தான் இதில் தேர்ந்தவருக்கு இத்தனை மதிப்பு. இக்கலை ஒரு மாதத்தில் வருவதன்று. பல ஆண்டுப் பயிற்சியால் வருவது. அதே சமயம், கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிட ஒருத்தி, அதை நிறுத்த ஒருத்தி, வீச ஒருத்தி என்று ஒரு கோலுக்குப் பின்னால் மூவரின் உழைப்பு இருப்பதையும் மறக்கலாகாது.

இனி அனுபவத்துக்கு வருவோம். 2021-ஆம் ஆண்டு நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் மகளிர் அணி முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. பின்னர் அயர்லாந்தை 1-0 என்றும், தென்னாப்பிரிக்காவை 4-3 என்றும் வென்றது. தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா மூன்று கோல்கள் அடித்தார். ஆகஸ்ட் 2 அன்று கால் இறுதியில் எதிர்த்து நின்றது வலிமை மிக்க ஆஸ்திரேலியா. அன்று பெனால்டி கார்னரில் குர்ஜித் கவுர் அடித்த ஒரே கோலால் இந்தியா 1-0 என வென்று, முதன்முறையாக ஒலிம்பிக் அரை இறுதிக்குச் சென்றது. ஆனால் அந்த ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவுக்கு ஏழு பெனால்டி கார்னர்கள் கிடைத்தன. கோல் காவலர் சவிதாவும் பின்காவலில் நின்ற பெண்களும் ஒன்றையும் உள்ளே விடவில்லை. குர்ஜித்தின் கோல் வெற்றியைத் தந்தது. மற்றவர்களின் உழைப்பு அதைக் காத்தது.

நான்கு நாட்களுக்குப் பின் வெண்கலப் பதக்கத்துக்காகப் பிரிட்டனுடன் ஆட்டம். குர்ஜித் இரண்டு, வந்தனா ஒன்று என மூன்று கோல்கள் அடித்தும், நம் அணி நான்கு கோல்களை விட்டுக்கொடுத்து 3-4 எனத் தோற்றது. கோல் அடிப்பவர் இருந்தால் மட்டும் போதாது என்பதை இதைவிடத் தெளிவாக வேறெது கூறும்?

இனி எதிர்ப்பக்கத்தைப் பார்ப்போம். 2024 ஜனவரியில் ராஞ்சியில் பாரிஸ் ஒலிம்பிக்கிற்கான தகுதிப் போட்டி நடந்தது. அந்த அணியில் குர்ஜித் இல்லை. வந்தனாவும் காயத்தால் ஆட முடியவில்லை. ஜனவரி 19 அன்று ஜப்பானுடன் ஆடிய கடைசி ஆட்டத்தில் வென்றால் பாரிஸ், தோற்றால் வீடு. நம் பெண்கள் சளைக்காமல் ஓடி ஒன்பது பெனால்டி கார்னர்களைப் பெற்றனர். ஒன்றும் கோலாகவில்லை. ஜப்பானோ தனக்குக் கிடைத்த கார்னரில் ஒன்றைக் கோலாக்கி 1-0 என வென்றது. ஓர் ஆட்டத்தை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட முடியாது. இருந்தாலும், வாய்ப்புகளை உழைத்துப் பெறுவது வேறு, பெற்றதைக் கோலாக்குவது வேறு என்பதை அன்று கண்டோம்.

இதன் தொடர்ச்சி இன்னும் சிறந்த பாடம். ராஞ்சியில் ஆடிய அணியில் தீபிகா என்ற முன்னணி ஆட்டக்காரியும் இருந்தார். பத்து மாதங்களுக்குப் பின், 2024 நவம்பரில் பீகாரின் ராஜ்கிரில் நடந்த ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டியில் அவர் 11 கோல்கள் அடித்து முதலிடம் பெற்றார். சீனாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் பெனால்டி கார்னரிலிருந்து அடித்த ஒரே கோலும் அவருடையதே. அந்தக் கோலால் கோப்பை இந்தியாவுக்கு வந்தது. ராஞ்சித் தோல்வியில் பங்குகொண்டவரே ராஜ்கிர் வெற்றிக்கும் காரணமானார் அல்லவா? ஒரு நாள் கோல் விழவில்லை என்பதற்காகத் திறமையைத் தள்ளிவிடாமல், வளர்த்தால் பயன் உண்டு.

நம் நாமக்கல் பக்கத்து லாரிப் பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே மரவேலைக்கு ஒருவர், வெல்டிங்குக்கு ஒருவர், வர்ணம் தீட்ட ஒருவர் என்று பலர் சேர்ந்து ஒரு லாரிக்குக் கூடு கட்டுகின்றனர். "எல்லோரும் எல்லா வேலையும் சுமாராகச் செய்யுங்கள்" என்று எந்த முதலாளியும் சொல்வதில்லை. ஆனால் கனமான பலகையைத் தூக்க வேண்டிய நேரத்தில், "நான் வர்ணம் தீட்டுபவன்" என்று ஒருவர் ஒதுங்கி நின்றால் பட்டறை நடக்குமா? தனித்திறமை ஒவ்வொருவருக்கும் வேண்டும். கைகொடுத்துத் தூக்கும் மனம் எல்லோருக்கும் வேண்டும்.

ஆகவே விடை இதுதான்: கோல் அடிக்கும் திறமையை எளிதில் கைவிடலாகாது. பின்னால் ஓடி வரவும், பந்தைப் பறிக்கவும், தோழிக்குக் கொடுக்கவும் ஒரு பருவத்துக்குள் கற்றுக்கொடுக்கலாம். கோல் அடிக்கும் கை அவ்வளவு விரைவில் வராது. எனவே முதல் பெண்ணை நீக்குவதைவிட, அவளுக்கு ஓடக் கற்றுக்கொடுப்பதே சிறந்தது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கற்றுக்கொடுத்தும் ஓட மறுப்பவளுக்கு, எத்தனை கோல் அடித்தாலும், அந்த இடம் உரியதன்று. ஓடாமல் நிற்கும் ஒருத்தியின் வேலையை மற்றப் பத்துப் பேரும் சுமக்க வேண்டியிருக்கும். அதோடு, ஒருத்தியை மட்டும் நம்பியிராமல் இரண்டாவதாக ஒருத்திக்கும் கார்னர் அடிக்கப் பழக்க வேண்டும். காயமும் காய்ச்சலும் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

இரண்டாவது பெண்ணுக்கும் ஒரு வார்த்தை. ஆண்டு விழாவில் பரிசு பெறுபவர் பெரும்பாலும் கோல் அடித்தவரே. பந்தைப் பறித்துக் கொடுத்தவளின் பெயர் அறிவிப்புப் பலகையில் வருவதில்லை. பெற்றோர்களே, வீட்டுக்கு வரும் மகளிடம் "எத்தனை கோல் அடித்தாய்?" என்று மட்டும் கேளாமல், "எத்தனை பந்தைத் தடுத்தாய், யாருக்குக் கொடுத்தாய்?" என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியே அவளுக்குப் பரிசு.

புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், உடலையும் அதன் உறுப்புகளையும் காட்டி இவ்வுண்மையை விளக்கியிருக்கிறார். கண்ணுக்கும் கைக்கும் வேலை வேறு; உயிர் ஒன்றே. மாணவியரே, அடுத்த முறை மட்டையைக் கையில் எடுக்கும்போது இதை நினைவில் கொள்ளுங்கள். இறைவன் உங்களுக்குத் தந்த திறமையை மறைக்காதீர்கள். தோழிக்குத் தந்த திறமையைக் குறைவாக எண்ணாதீர்கள். அப்படி ஆடும் அணிக்குத் தோல்வியும் ஒரு பாடமாகும். வெற்றியோ பதினொருவருக்கும் சொந்தமாகும்.